கை தொடாத காணிக்கை
ஸ்டுட்கார்ட் மடல்

சம்பளச் சீட்டு வந்த வாரம் இது. என்னோடு வேலை செய்யும் மூத்தவர் ஒருவர், ஞானஸ்நானம் பெற்றவர், காபி நேரத்தில் கேட்டார்: "நீங்கள் இன்னுமா சபை வரி கட்டுகிறீர்கள்? நான் விலகிவிட்டேன். கடவுளை விடவில்லை, வரியைத்தான் விட்டேன்." அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

இந்த வரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் ஓர் ஊருக்குக் குடிவந்தால் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில் மதத்துக்கு ஒரு கட்டம் உண்டு. 'புராட்டஸ்டண்ட்' என்றோ 'கத்தோலிக்கம்' என்றோ எழுதினால் தகவல் வரித்துறைக்குப் போய்விடும். அடுத்த சம்பளத்திலிருந்து பிடித்தம் தொடங்கும். நான் இருக்கும் பாடன்-வுர்ட்டம்பெர்க்கிலும் பவேரியாவிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9 சதவீதம். சம்பளத்தில் 8 சதவீதம் அல்ல. நூறு யூரோ வருமான வரி கட்டினால், அதற்கு மேல் எட்டு யூரோ சபைக்கு. அரசின் வரி அலுவலகமே வசூலித்து, அதற்கான கூலியை எடுத்துக்கொண்டு, மீதியைச் சபையிடம் கொடுக்கிறது. 1919-இன் வைமார் அரசியல் சாசனம் சபைகளுக்குத் தந்த இந்த உரிமையை 1949-இன் அடிப்படைச் சட்டமும் அப்படியே ஏற்றுக்கொண்டது. வேண்டாமென்றால் எங்கள் மாநிலத்தில் பதிவு அலுவலகத்துக்குப் போய்க் கட்டணம் கட்டிக் கையெழுத்திட வேண்டும். சபை ஐயரைப் பார்க்க வேண்டியதில்லை, ஜெபிக்கவும் வேண்டியதில்லை. 2022-இல் மட்டும் புராட்டஸ்டண்ட் சபைகளிலிருந்து சுமார் 3,80,000 பேரும், கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து 5,20,000-க்கும் மேற்பட்டோரும் இப்படி வெளியேறினார்கள்.

வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவர்களிடம் இந்த வரியும் இல்லை. ஏழையிடம் பிடுங்குவதில்லை என்று இங்கே இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மாற்கு சுவிசேஷத்தில் இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, யார் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்க்கிறார். இரண்டு காசு போட்ட விதவையைச் சீஷர்களுக்குக் காட்டுகிறார். அந்தம்மாவிடம், "உனக்கு விலக்கு உண்டு, வீட்டுக்குப் போ" என்று அவர் சொல்லவில்லையே!

எங்கள் ஆச்சியும் விதவைதான். திருநெல்வேலிச் சீமையில் வானம் பார்த்த கிராமம். உலை வைக்க அளந்தெடுத்த அரிசியில் ஒரு பிடியை முதலில் எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட்டுத்தான் மீதியை உலையில் இடுவாள். மழை பொய்த்த வருஷங்களில் பிடி சிறுத்திருக்கும். ஒரு வேளைகூட நின்றதில்லை. அந்தப் பிடி அரிசி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வேதபாடம் கேட்டுக் கேட்டுத்தான் மனப்பாடம். ஆனால் கடவுளை நினைக்காமல் அவள் அடுப்பு எரிந்ததில்லை. விசுவாச வாழ்க்கை என்று பிரசங்கங்களில் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அரிசிப் பானைதான் ஞாபகம் வரும்.

பிறகு அறுப்பின் பண்டிகை. முதல் குலை வாழை, முதல் ஈற்றுக் கிடாய், பூசணி, முருங்கைக்காய்க் கட்டு, முட்டை எல்லாம் கோயில் முற்றத்துக்கு வரும். ஏலம்! ஒரு தேங்காயை ஆயிரம் ரூபாய்க்கு எடுத்து, "திரும்பவும் சபைக்கே" என்று கொடுத்து, மறுபடி ஏலத்தில் விட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும். அதோடு அசனம், ஊரே ஒரே பந்தியில் உட்காரும்.

இங்கும் அக்டோபர் முதல் ஞாயிறு அறுப்புக்கு நன்றி சொல்லும் நாள். ஆல்டரில் கோதுமைக் கதிர், ஆப்பிள், திராட்சை, பெரிய பெரிய பூசணிகள். அத்தனை அழகு. ஆராதனை முடிந்து வாசலில் காணிக்கைப் பெட்டியில் சில்லறை விழும், பத்து நிமிஷத்தில் கோயில் காலி. கொடுக்க வேண்டியதைத்தான் வரித்துறை ஏற்கெனவே எடுத்துக்கொண்டதே என்ற நினைப்பு எல்லார் முகத்திலும் தெரிவதுபோல எனக்குப் படுகிறது. ஐயர்மார் சம்பளமும், நூற்றாண்டுகள் கண்ட கோயில்களின் கூரையும் அந்தப் பணத்தால்தான் நிற்கின்றன. தெரியும். ஆனாலும் கை தொடாத பணத்தில் கொடுத்தவனின் மனசு எங்கே இருக்கிறது?

இதே ஜெர்மன்காரர்கள்தான் கையால் கொடுக்க நமக்குக் காட்டித் தந்தவர்கள் என்பது எனக்குக் கூடுதல் வருத்தம். பிரஷ்யாவில் பிறந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். டோனா பிரபு என்ற பிரஷ்ய நாட்டுப் பிரபு அனுப்பிய பணத்தில்தான் 1827-இல் அவர் டோனாவூரை உண்டாக்கினார். பனங்காட்டுச் சீமையை ஒரு நாளும் பார்த்திராத மனிதர், தாமாக மனம் வந்து கொடுத்தார். ஊர் இன்றும் அவர் பெயரைச் சுமக்கிறது. நிலம் வாங்கிக் கிறிஸ்தவக் குடிகளை அமர்த்த 1830-இல் ரேனியஸ் தொடங்கிய தர்ம சங்கத்துக்கும் ஆதாரம் காணிக்கைதான், வரியல்ல.

இந்த ஊரில் என் மனசைத் தொட்ட ஒன்று உண்டு. லியோன்ஹார்டு ஆலயத்தில் 1995 முதல் குளிர்கால வாரங்களில் சாப்பாட்டு மேசைகள் போடுகிறார்கள். வீடற்றவரும் வேலையிழந்தவரும் வசதியானவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, மிகக் குறைந்த விலையில், சுடச்சுடச் சாப்பிடுகிறார்கள். பரிமாறுகிறவர்களில் பலர் சம்பளமில்லாமல் வருகிறவர்கள். எங்கள் அசனம் இதுதான்! வருகிற ஜனவரியில் பரிமாற நானும் போகிறேன். வரியை விட்ட அந்தச் சக ஊழியரையும் கூப்பிட்டிருக்கிறேன், யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஊரிலிருந்து ஒரு செய்தி. எங்கள் சேகரத்தில் கோயில் வாசலில் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறார்களாம், பிடி அரிசி சேகரிக்க ஆள் வருவதில்லையாம். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு அட்டை இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சபைச் சங்கத்தில் இருக்கும் அண்ணன்மாரைக் கெஞ்சிக் கேட்கிறேன்: அரிசி வாங்க வீடு வீடாக மறுபடியும் ஆளை அனுப்புங்கள். அவர் சம்பளத்துக்குப் பணம் போதாதென்றால் எனக்கு எழுதுங்கள்.