நாலு லீற்றர் நீலம்

முல்லைத்தீவு நகரில் நான் ஏறிய பெயின்ற் கடையில் படகுக்கென்று தனித் தட்டு எதுவும் இல்லை. கேற்றுக்கும் யன்னல் கம்பிக்கும் அடிக்கிற எனமல்தான் கடலுக்கும் போகிறது. கள்ளப்பாட்டில் படகு வைத்திருப்பவர் ஒருவர் நாலு லீற்றர் நீலம், ஒரு லீற்றர் வெள்ளை, அரை லீற்றர் சிவப்பு, ஒரு போத்தல் ரேப்பன்ரைன் என்று வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். அவருடைய வேலையைப் பார்க்கத்தான் வவுனியாவிலிருந்து வந்திருந்தேன். ரின்னைத் திருப்பிப் படித்தேன். மரம், இரும்பு, உள்வேலை, வெளிவேலை எல்லாம் போட்டிருந்தது. கடலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"உது உப்புத் தண்ணிக்குள்ள நிண்டு பிடிக்குமே அண்ணை?"

"பிடிக்காது. எங்கட போட்டும் தண்ணிக்குள்ள நிக்கிறேல்லைத்தானே தம்பி. ஏறுங்கோ."

மோட்டார் சைக்கிளின் முன்பக்கம் ரின்கள், பின்பக்கம் நான். பகிடியாகச் சொன்னாலும் விஷயம் முழுக்க அந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

வெளிநாட்டுப் படகுத்துறைகளில் படகு இரவும் பகலும் தண்ணீரிலேயே மிதக்கும். அதன் அடியில் முதலில் வழுக்கல் படியும், பிறகு பாசி, பிறகு சிப்பியும் புழுவும். அடி கனத்தால் எண்ணெய் கூடச் செலவாகும். அதற்காகத்தான் செம்பு ஒக்சைட்டு கலந்த, ஒட்டவரும் உயிரைக் கொல்லும் பெயின்ற்களை அங்கே அடிக்கிறார்கள். ஒரு காலத்தில் வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ற்தான் அதில் ராசா. பிரான்ஸின் ஆர்க்கஷோன் குடாவில் 1970 களின் இறுதியில் சிப்பி வளர்ப்பு நொடித்துப்போனதற்கு அது காரணம் என்று கண்டுபிடித்து, 1982 இல் அந்த நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. உலகம் முழுவதுக்குமான தடை 2008 செப்டெம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

கள்ளப்பாட்டுப் படகு இரவில் கடலுக்குப் போய், விடிய வந்து, பத்துப்பேர் தோள்கொடுக்க மணலில் ஏறிவிடும். பகல் முழுக்க வெயில் காயும். அந்த வெயிலில் எந்தச் சிப்பிக் குஞ்சு பிழைக்கும்? ஒட்டவருவதைக் கொல்ல இங்கே நஞ்சு தேவையில்லை, மணலும் வெயிலும் இலவசமாகவே அந்த வேலையைச் செய்கின்றன. அதே மணல்தான் பெயின்றையும் தின்கிறது. ஒவ்வொரு தள்ளலுக்கும் அடிப்பக்கம் உரஞ்சுப்படும். எவ்வளவு விலையுள்ள பெயின்ற் அடித்தாலும் அடியில் ஒரு பருவத்துக்கு மேல் நிற்காது. "இது மண்ணுக்குத் தின்னக் குடுக்கிற பெயின்ற். தின்னக் குடுக்கிறதுக்கு ஆர் பவுண் வாங்குவினம்?" என்றார் படகுக்காரர். மலிவைத் தேடுவது அறியாமை என்று நினைக்கிற திட்ட அலுவலர்கள் இந்தக் கணக்கை ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம்.

தைப்பொங்கல் கழிந்து மழை விட்டிருந்தது. கார்த்திகை, மார்கழியில் இந்தக் கரையில் வாடை அடிக்கும்போது சிறு படகுகளுக்கு வேலை குறைவு. அவற்றை உயர ஏற்றிக் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்திருப்பார்கள். மாசிப் பனி காய்ந்து கடல் அடங்குவதற்கு முன் கிடைக்கிற இடைவெளிதான் பெயின்ற் காலம். எங்கள் படகு தென்னங்குத்திகளின் மேல் கவிழ்ந்து கிடந்தது. 18 அடி பைபர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கரையில் படகு, வலை, வீடு, ஆட்கள் என்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு உதவியாகக் கிடைத்தவை பலதும் 2009 போரோடு போயின. மீளக்குடியேறியவர்களுக்கு மறுபடியும் படகு வந்தது. இது அந்த இரண்டாம் வரவு.

வேலைக்கு வந்த பெரியவர் ஊரிலேயே மூத்த பைபர் கைகாரர். காரைநகர் சீநோர் படகுத்தளத்தில் பழகிய ஒருவரிடம் சின்ன வயதில் தொழில் கற்றவராம். நோர்வேக்காரரின் உதவியோடு தொடங்கிய அந்தத் தளத்தால் வடக்குக் கடலில் பைபர் பரவியது. பெரியவர் ரின்களைத் தொட்டும் பார்க்கவில்லை. உள்ளங்கையால் படகின் வயிற்றைத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் அந்த இடத்தில் பெயின்ற் வெயிலில் செத்துவிட்டது என்று அர்த்தம். விரல் முட்டியால் தட்டினார். பொத்தென்று கேட்ட மூன்று இடங்களில் கரியால் வட்டம் போட்டார்.

பிறகு தொடங்கியது சுரண்டல். பெயின்ற் அடிப்பது கடைசி அரை நாள் வேலை, மற்றதெல்லாம் இதுதான். சுரண்டுதகடு, கரடுமுரடான சாண்ட்பேப்பர், பிறகு நைசானது. படகுக்காரரின் மனைவியும் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு ஒரு பக்கத்தில் இருந்து உரஞ்சினார். நீலத்துக்குக் கீழே பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே வேறொரு நீலம். அணியத்தருகே ஒரு நிறுவனத்தின் சின்னம் பாதி தெரிந்தது. "அதை முதல் வருசமே மூடிப்போட்டம். படகு தந்தவைக்கு நன்றிதான், அதுக்காக ஒவ்வொரு நாளும் அவையின்ர பேரோடயே கடலுக்குப் போறதே?" என்றார் அந்த அக்கா, உரஞ்சலை நிறுத்தாமலே.

எனக்கு அந்தத் தூசுதான் உறுத்தியது. பழைய எனமல்களில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை நிறங்களில், ஈயம் இருந்திருக்கக்கூடும். இலங்கையில் எனமலுக்கு ஈய வரம்பு, பத்து இலட்சத்தில் 600 பங்கு என்று, 2013 தொடக்கத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய படைகள் இந்தக் கரையில் எத்தனையோ படகுகளின் கீழ்த்தோலில் இருக்கின்றன. இரண்டு சின்னப் பிள்ளைகள் அந்தத் தூளில் விரலால் படம் கீறிக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். பெரியவர் மறுக்கவில்லை. ஒரு வாளி தண்ணீரை வைத்துக்கொண்டு பேப்பரை நனைத்து உரஞ்சத் தொடங்கினார், தூசு பறக்கவில்லை. ஆனால் அது என் சொல்லுக்காக இல்லை. "நனைச்சு உரஞ்சினால் பேப்பர் ரெண்டு மடங்கு நாள் வரும்" என்றார். காரணம் எதுவானாலும் பிள்ளைகளை அக்கா வீட்டுக்குக் கலைத்துவிட்டார்.

பொத்தென்று ஒலித்த இடங்களை வெட்டித் திறந்து, காயவிட்டு, நார்ப்பாயை வைத்து ரெசின் பூசினார்கள். ஹார்ட்னரைக் கூட்டினால் சூடேறி வெடிக்கும், குறைத்தால் பிசுபிசுத்தே கிடக்கும். பெரியவர் அளவுக்கிண்ணம் பாவிக்கவில்லை, போத்தல் மூடியால் ஊற்றினார். வெயில் ஏறினால் மூடியின் அளவு குறையும். அந்த அளவு அவருக்கு மட்டும் தெரிந்தது, கேட்டால் சிரிக்கிறார்.

அடுத்தது கழுவல். நல்ல தண்ணீரில், கிணற்றுத் தண்ணீரில். கடல் பத்தடியில் கிடக்க, கிணற்றிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தார்கள். உப்பின் மேல் பெயின்ற் அடித்தால், அடியில் கிடக்கும் உப்பு ஈரத்தை இழுத்து இழுத்து ஒருநாள் கொப்பளம் போட்டுவிடும். எத்தனை விலையான பெயின்றானாலும் இந்த உப்பிடம் தோற்கும். மலிவான எனமல் நீடிப்பதும் உதிர்வதும் ரின்னின் விலையைவிட இந்தக் கிணற்று வாளியில்தான் அதிகம் தங்கியிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

காலையில் பனி காய்ந்த பிறகுதான் முதல் ரின்னைத் திறந்தார். எனமல் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துத்தான் இறுகும். உச்சி வெயிலில் தடிப்பாக அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து, உள்ளே பச்சையாகவே கிடந்து, பிறகு சுருங்கும். அதனால் பத்து மணிவரை ஒரு கை, வெயில் சாய்ந்த பிறகு இன்னொரு பக்கம், மெல்லிசாக. உதவிக்கு நின்ற பொடியன் பெயின்ற் இழுபடவில்லை என்று எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை எடுத்தான். பெரியவர் கத்தியது அந்த ஒரு தரம்தான். "உதை விட்டியெண்டால் மூண்டு நாளைக்குக் காயாது, காய்ஞ்சாலும் மினுங்காது. ரேப்பன்ரைனை எடு."

எபொக்சி அடித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். யாரோ கொடுத்த ஒரு ரின்னை ஊரில் ஒருவர் பழைய எனமலின் மேல் அடித்தாராம். அதிலுள்ள கரைப்பான் கீழ்ப்படையைக் கடித்து, முழுவதும் சுருண்டு எழும்பிவிட்டது. ஒருமுறை எனமல் அடித்த படகு எனமலோடுதான் வாழவேண்டும், அல்லது பைபர் தெரியும்வரை சுரண்ட வேண்டும். அதற்கு ஆருக்கு நேரம்?

உள்பக்கத்துக்கு வெள்ளையில் கொஞ்சம் நீலத்தைக் கலந்தார். கடும் நிறமென்றால் வெறுங்கால் வேகும், தனி வெள்ளையென்றால் வெயிலில் கண் கூசும். வலை இழுக்க நிற்கிற இடத்தில் பெயின்ற் ஈரமாக இருக்கும்போதே, அரித்துக் காயவைத்த மணலைத் தூவி, அதன் மேல் இன்னொரு கை அடித்தார். மினுங்குகிற எனமலில் மீன் நீர் பட்டால் ஆள் வழுக்கி விழும். இனி விழாது. இதை எந்த ரின்னிலும் எழுதியிருக்கவில்லை.

மர வள்ளங்களின் காலத்தில் இப்படி நிறம் பார்த்தவர்கள் குறைவு. பலகை இடைவெளிக்குப் பஞ்சுத் திரியை அடித்து இறுக்கும் கலப்பத்து வேலைதான் பெரிது. மேலே சுறா எண்ணெய். மணம் ஊர் தாண்டும் என்றார் பெரியவர். 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்த வல்வெட்டித்துறை அன்னபூரணிக் கப்பலையும் அப்படித்தான் எண்ணெய் குடிக்கவிட்டிருப்பார்கள் என்று சொல்லிவிட்டு, "நான் பார்த்தனானே" என்று தானே சிரித்தார்.

எனமல் எல்லா இடத்துக்கும் சரிவராது. இடையில் ஒருநாள் வட்டுவாகல் பாலத்தில் இறங்கினேன். நந்திக்கடலில் இறால் பிடிக்கும் சில சிறு வள்ளங்கள் நாட்கணக்காகத் தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கின்றன. அதே கடை, அதே நீலம். நீர்மட்டத்துக்குக் கீழே பெயின்ற் இளகி, தோல் தோலாக உரிந்து, பாசி பிடித்திருந்தது. ஆனாலும் அங்கே செம்புப் பெயின்ற்தான் தீர்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இறால் குஞ்சு வளர்கிற, தண்ணீர் ஓட்டம் குறைந்த களப்பு அது. கிழமைக்கு ஒருதரம் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைப்பதுதான் அந்த வள்ளங்களுக்கு நல்ல மருந்து. ஆள்பலம் இருந்தால்.

நம்பர் எழுதுகிறவர் வந்தபோது நான் மறுபடி கள்ளப்பாட்டில் நின்றேன். 1996 ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டப்படி படகு பதியப்பட்டிருக்க வேண்டும். ஓஎஃப்ஆர்பி என்று தொடங்கும் அந்த நம்பர் அணியத்தின் இரு பக்கமும் தெளிவாக இருக்க வேண்டும். நூல் பிடித்துக் கோடு போட்டு, வெள்ளையால் எழுதினார். கீழே சிவப்பில் அந்தோனியார் பெயர். எழுத்து முடிய அக்கா பிளேன்ரீ கொண்டுவந்தார். உடனே இறக்கலாமா என்று பொடியன் கேட்டதற்கு, தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும், ஒரு கிழமை கிடக்கட்டும் என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

படகுக்காரர் கணக்குப் பார்த்தார். 2022 ஓகஸ்ட்டில் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய மண்ணெண்ணெயை இந்தக் கரையில் எவரும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு எல்லாச் செலவையும் மண்ணெண்ணெயில்தான் அளக்கிறார்கள். "இந்த நாலு லீற்றர் நீலம் எண்டுறது ரெண்டு மூண்டு தரம் கடலுக்குப் போற எண்ணெய். பேப்பர், ரெசின், ஐயான்ர கூலி சேர்த்தால் இன்னும் அஞ்சு தரம். அடுத்த வருசம் அடிக்கிறதோ, ஒரு வருசம் தள்ளிப் போடுறதோ?"

"அடியை மட்டும் அடி. மேலை தாங்கும்" என்றார் பெரியவர், அடுத்த படகின் வயிற்றைத் தட்டிக்கொண்டே.