வீட்டுப் பட்டறையில் ஓர் உருக்குக் கரம்

இரும்பை உருண்டையாகக் கடைந்தெடுப்பது எளிது. அதைத் தட்டையாக்குவதே கடினம். கடைசல் யந்திரத்தில் சுழலும் இரும்பு வட்டமாகத்தான் வரும். ஆனால், ஓர் இரும்புத் துண்டின் முகத்தை அரத்தினால் தேய்த்துச் சமதளமாக்க முயன்றவர் அதன் இடர்ப்பாட்டை அறிவர். நடுவிலே மேடு தங்கிவிடும், ஓரங்கள் சரிந்துவிடும். இந்தக் குறையைத் தீர்க்கத் தோன்றியவையே சேப்பர், மில்லிங் என்னும் இரு யந்திரங்களும்.

சேப்பரில் இருப்பது ஒற்றை உளி. அது முன்னே சென்று ஒரு சீவல் சீவும்; பின்னே வரும்போது வேலையின்றி வரும். இடையிலே மேசை மயிரிழையளவு பக்கமாக நகரும். தச்சன் சீவுளி தள்ளுவதை நினைத்துக்கொண்டாற் போதும். மில்லிங் யந்திரத்திலோ பல பற்களையுடைய வெட்டுக்கருவி இடைவிடாது சுழன்று வெட்டும். சேப்பர் பின்வாங்கும் நேரமெல்லாம் வீண் நேரம். மில்லிங் யந்திரத்துக்கு அந்த வீண் இல்லை. ஆகவே, 1836ஆம் ஆண்டில் ஜேம்ஸ் நாஸ்மித் என்னும் ஸ்கொத்லாந்தர் அமைத்து, 'உருக்குக் கரம்' என்று பெயர்பெற்ற அந்த யந்திரத்தைப் பெரிய தொழிற்சாலைகள் மெல்ல மெல்லக் கைவிட்டன.

ஆலைகள் துறந்ததை வீட்டுப் பட்டறைகள் விடவில்லை. இங்கிலாந்தில் சிறிய நீராவி யந்திரங்களை வீட்டிலிருந்து செய்து மகிழ்வோருக்கென்று 1898ஆம் ஆண்டிலேயே 'மொடல் எஞ்சினியர்' என்னும் பத்திரிகையைப் பேர்சிவல் மார்ஷல் தொடங்கினார். அத்தகையோர் மேசைமீது வைத்துக் கையால் இயக்குவதற்காக, ஷெபீல்ட் நகரிலே 'அடெப்ட்' என்ற சிறு சேப்பர்கள் செய்யப்பட்டன. பிற்காலத்தில் டேவிட் ஜிஞ்சரி என்னும் அமெரிக்கர், பழைய அலுமினியத்தை உருக்கி வார்த்து வீட்டிலேயே ஒரு சேப்பரை உண்டாக்கும் முறையை நூலாக எழுதினார்.

கையால் இயக்கும் சேப்பர் ஒன்று எங்கள் ஐயாவிடமும் இருந்தது. கொழும்பிலே பொருத்துனராக வேலை பார்த்தவர், ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியபோது அதையும் கொண்டுவந்து, அடுப்படிக்குப் பின்னாலிருந்த தாழ்வாரத்தில் இருத்தினார். இருவர் தூக்கக்கூடிய பாரம். காலையும் மாலையும் அதற்கு எண்ணெய் இடுவார். அம்மாவோ, "அதுதான் இவருக்கு மூத்த பிள்ளை" என்று அயலாரிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்த மூத்த பிள்ளையின் அருமை 1990ஆம் ஆண்டின் பின்னரே ஊராருக்குத் தெரிந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருட்டடையினால் உதிரிப்பாகங்கள் வருவதும் அரிதாயிற்று. மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் யந்திரம் பழுதானால், வெங்காயப் பாத்தி வாடும். மிளகாய்க் கன்று கருகும். அந்தப் பயிரை நம்பியிருக்கும் குடும்பத்தின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. பம்பியின் அச்சையும் அதன்மேல் அமரும் சில்லையும் பூட்டிவைப்பது ஒரு சிறிய ஆப்பு. அந்த ஆப்பு இருக்கும் காடி சிதைந்துவிட்டால் அச்சு சுழலும்; சில்லு நிற்கும்; தண்ணீர் வராது.

ஐயா அந்த அச்சைத் திருப்பி வைத்து, சிதையாத பக்கத்தில் புதிய காடி வெட்டுவார். முதலிலே காடி முடியவேண்டிய இடத்தில் கைத்துளைப்பானால் ஒரு துளை இடுவார். ஏனெனில், சீவிச்செல்லும் உளிக்கு வெளியேற ஓர் இடம் வேண்டும். இல்லையேல் முட்டி முறிந்துவிடும். பின்பு சேப்பரின் கைபிடியைப் பற்றி, அவசரமின்றி முன்னும் பின்னும் அசைப்பார். அரை நாளிலே காடி ஆயத்தமாகும். கூலியாகச் சிலர் வெங்காயம் கொணர்வர். சிலர் கடன் சொல்வர். ஐயா இரண்டையும் ஒரே முகத்தோடு ஏற்றுக்கொள்வார்.

உளிக்கு அவர் எங்கே போனார்? தேய்ந்துபோன அரங்களே அவருக்கு உளிகள். அரம் நல்ல கடினமான உருக்கு. ஆனால், வேகமான யந்திரத்தில் சூடேறினால் அதன் கடினம் போய்விடும். கைச்சேப்பரின் வேகத்திலே அவ்வளவு சூடு எழுவதில்லை. கையாற் சுற்றும் சாணைக்கல்லில் ஐந்து நிமிடம் தீட்டினால் உளி புதிதாகிவிடும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் பெயர்ந்தபோது, ஐயா சேப்பருக்குக் கிறீஸ் பூசி, சாக்கினாற் சுற்றி, பின்வளவிலே புதைத்தார். மறு ஆண்டு திரும்பியபோது வீட்டின் ஓடுகள் இல்லை, யன்னல்கள் இல்லை. சேப்பர் இருந்தது. கூரை போடுமுன்னரே அதைத் துடைத்து எண்ணெயிட்டார்.

ஐயா இப்போது இல்லை. சேப்பர் என்னிடம் இருக்கிறது. என் தமக்கையின் மகன் 2019ஆம் ஆண்டில் சீனத் தயாரிப்பான சிறு மில்லிங் யந்திரம் ஒன்றை வாங்கி என் பட்டறையிலேயே வைத்தான். அதன் திறமையை நான் குறைத்துச் சொல்லேன். ஐயாவின் அரை நாள் வேலையை அது அரை மணியில் முடித்துவிடும். "மாமா, இதைப் பழைய இரும்புக்குக் குடுத்தால் மேசையிலை இடம் வருமே?" என்று அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. நான் சம்மதிக்கவில்லை.

2022ஆம் ஆண்டிலே நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியது. மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் தடைப்பட்டது. மில்லிங் யந்திரத்தின் வெட்டுக்கருவி மழுங்கியபோது, புதியது வாங்கக் கேட்ட விலையைக் கேட்டு மருமகன் மௌனமானான். பல பற்களையும் ஒரே அளவாகத் தீட்டுவதற்குத் தனிச் சாதனம் வேண்டும். எங்களிடம் அது இல்லை. அன்று மாலை, விளக்கின் வெளிச்சத்தில், பழைய அரம் ஒன்றைச் சாணையில் பிடிக்கும் முறையை அவனுக்குக் காட்டிக்கொடுத்தேன். இன்று அவசர வேலைக்கு அவன் மில்லிங் யந்திரத்தை நாடுகிறான். சில்லின் துளைக்குள்ளே காடி வெட்டவேண்டுமாயின் சேப்பரிடம் வருகிறான்.

வேகம் ஆலைக்கு அழகு. வீட்டுப் பட்டறைக்கு வேண்டியது வேறு: மழுங்கியதைத் தன் கையாலேயே கூராக்கிக்கொள்ளும் வல்லமை. உங்கள் வீட்டு மூலையிலும் இத்தகைய யந்திரம் ஒன்று துருவேறிக் கிடக்கக்கூடும். பழைய இரும்பு வாங்குபவரை அழைக்குமுன், மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அதன் வழுக்குத் தடங்களைத் துடைத்துப் பாருங்கள். தடங்கள் வெடிப்பின்றி இருக்குமாயின், அதை நிறைகணக்கில் விற்றுவிடாதீர்கள்.