பத்து நிமிஷ தூரம்

வீடு பார்க்கப் போகிறவர்கள் என்னென்னவோ பார்ப்பார்கள். வாசல் எந்தத் திசை, சமையலறையில் வெளிச்சம் உண்டா, குழாயில் வருவது நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்றெல்லாம் விசாரிப்பார்கள். என் மருமகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அத்தை, நீங்களும் மாமாவும் பகலில் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சாயங்காலம் நான் வருகிற நேரத்துக்கு ரயில் ஏறி, அந்த வீட்டு வாசலுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருகிறீர்கள் என்று பாருங்கள். அப்புறம் வாங்கலாமா, வேண்டாமா என்று சொல்லுங்கள்" என்றாள்.

அவளுக்கு நுங்கம்பாக்கத்தில் ஆபீஸ். வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு வர ஏழரை மணி ஆகிவிடும். பையனுக்கோ தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஸ்டேஷனில் போய்க் காத்திருந்து அழைத்துவர முடியாது. மேற்கு மாம்பலத்தில் வாடகைக்கு இருந்தவரை கவலை இல்லை. இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினால் வீடு. ஆனால் வாடகை ஏறிய வேகத்தில், சேமிப்போடு பாங்குக் கடனையும் சேர்த்து எங்கேயாவது தள்ளி ஒரு ஃபிளாட் வாங்கிவிடலாம் என்று தீர்மானித்தோம். தரகர் சொன்ன இடம் ஊரப்பாக்கம். "ஸ்டேஷனிலிருந்து பத்தே நிமிஷம், அம்மா!" என்று சூடம் அணைக்காத குறையாகச் சொல்லியிருந்தார்.

2025 நவம்பரில், மழை சற்று ஓய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை கிளம்பினோம். மாம்பலத்திலிருந்து ஊரப்பாக்கத்துக்கு டிக்கெட் பத்து ரூபாய். இந்தக் காலத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு முழம் பூக்கூடக் கிடைப்பதில்லை!

அவர் பொது வண்டியில் ஏறிக்கொண்டார். நான் பெண்கள் வண்டியில் ஏறினேன். அது தனி உலகம். ஒருத்தி மடியில் பையை விரித்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்னொருத்தி பூத் தொடுத்தாள். காலேஜ் பெண் ஒருத்தி நின்றுகொண்டே பரீட்சைக்குப் படித்தாள். ஆறுமாதச் சிநேகிதம் உள்ளவர்கள் எனக்கும் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

இந்தப் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ம் வருஷம் மே மாதம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை ஏறக்குறைய 29 கிலோமீட்டர். மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயிலை இந்தியாவிலேயே முதலில் பார்த்தவர்கள் சென்னைக்காரர்கள்தான். அந்த ரயில் வந்த பிறகு ஊரே தெற்கு நோக்கி நகர்ந்தது. பாரிமுனைப் பக்கத்தில் இருந்த கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபோயிற்று. தோல் தொழிற்சாலை இருந்த இடம் குரோம்பேட்டை ஆயிற்று. நல்ல காற்றுக்காக டாக்டர் சௌரிமுத்து 1928-ல் காசநோயாளிகளுக்கு விடுதி கட்டிய இடத்துக்கு, இன்றும் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர். மீட்டர் கேஜ் வண்டி 2004-ல் விடைபெற்றது. அகலப் பாதையில் வண்டிகள் செங்கல்பட்டு வரை ஓடுகின்றன. 2025 ஏப்ரலில் குளிர்சாதன மின்சார ரயிலும் வந்துவிட்டது; அதில் குறைந்த கட்டணமே 35 ரூபாய் என்றதும் நாங்கள் சாதா வண்டியிலேயே ஏறினோம்.

"புதுசாக வருகிறீர்களா, அம்மா?" என்று கீரைக்காரப் பெண் கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"ரயிலைப் பற்றிக் கவலையே படாதீர்கள். நான் பெருங்களத்தூரில் இறங்குகிறவள். இறங்கின பிறகுதான் இருக்கிறது கதை. இந்த வண்டி மூன்று நிமிஷம் தாமதமானால் எங்கள் ஊர் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம். அந்த மூன்று நிமிஷம் என் வீட்டில் சாப்பாட்டு நேரத்தையே மாற்றிவிடும்!"

பூத் தொடுத்தவள் நிமிர்ந்து, "எங்கள் பக்கம் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பஸ்ஸே கிடையாது, அக்கா. மாதக் கடைசியில் ஆட்டோச் செலவைக் கூட்டிப் பார்த்தால் ரயில் சீசன் டிக்கெட்டைப் போல ஏழெட்டு மடங்கு" என்றாள்.

தாம்பரத்தில் வண்டி பாதிக்கு மேல் காலி. அதற்கு அப்பால் வண்டிகளும் குறைவு, வெளிச்சமும் குறைவு. வண்டலூர் வந்தது. 1985-லிருந்து மிருகக்காட்சிசாலை இருக்கும் ஊர். அதைத் தாண்டியதும், ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு அந்தப் பக்கம், கிளாம்பாக்கம் பஸ் நிலையம் விளக்குகளோடு ஜொலித்தது. 88 ஏக்கரில் கட்டி, 2023 டிசம்பர் 30-ம் தேதி திறந்தது. தென்மாவட்டத்துப் பஸ்கள் வந்து நிற்கும் அவ்வளவு பெரிய நிலையத்துக்கு, திறந்த அன்று பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் தண்டவாளமோ ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஓடுகிறது! மூட்டை முடிச்சோடு இறங்கியவர்கள் நகரப் பஸ்ஸையோ ஆட்டோவையோ பிடித்து வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ வந்துதான் ரயில் ஏற வேண்டியிருந்தது. நாங்கள் போனபோது நடுவே புது ஸ்டேஷன் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்கள் வண்டி அங்கே நிற்காமல் போயிற்று.

ஊரப்பாக்கத்தில் இறங்கியபோது மணி எட்டு இருபத்தாறு. வெளியே வந்து விசாரித்தோம். உள்ளே போகிற பஸ் அப்போதுதான் புறப்பட்டுப் போனதாம். "அடுத்தது எப்போது?" என்றதற்கு டீக்கடைக்காரர், "வந்தால் ஒன்பதேகால்" என்றார். அந்த 'வந்தால்' என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் நகருமாம். தனி ஆட்டோ நூற்றைம்பது ரூபாய்.

"நடந்துதான் பார்ப்போமே, பத்து நிமிஷந்தானே?" என்றார் அவர்.

நடந்தோம். கடைத்தெரு முடிந்ததும் விளக்குக் கம்பங்கள் முடிந்தன. மழைத் தண்ணீர் எங்கே ஆழம், எங்கே மேடு என்று தெரியவில்லை. இரண்டு நாய்கள் எங்களைக் கொஞ்ச தூரம் வழியனுப்பின. ஒரு காலி மனையை ஒட்டி நடந்தபோது, அவர் பக்கத்தில் இருந்தும் எனக்கு நடை தானாக வேகமாயிற்று. வீட்டு வாசலை அடைந்தபோது மணி ஒன்பது ஐந்து. முப்பத்தொன்பது நிமிஷம்!

வீடு அழகாகத்தான் இருந்தது. இரண்டு படுக்கை அறை, பால்கனி, தண்ணீர் தேன்தான். காத்திருந்த தரகரிடம், "இதையா ஐயா பத்து நிமிஷம் என்றீர்கள்?" என்று கேட்டேன். "மோட்டார் சைக்கிளில், அம்மா!" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

அடுத்த வாரம், அதே வெள்ளிக்கிழமை, அதே நேரம், வேறொரு வீடு. இது ராஜகீழ்ப்பாக்கத்தில். தாம்பரத்தில் இறங்கி, மேம்பாலம் ஏறிக் கிழக்குப் பக்கம் வந்தோம். சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம், வேளச்சேரி என்று கூவிக்கொண்டு பஸ்கள் வரிசையாக நின்றன. ஒன்று போனால் அதன் பின்னாலேயே ஒன்று. சாதாரணக் கட்டண பஸ்ஸில் நான் ஏறியதும் கண்டக்டர் பணம் வாங்காமல் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். 2021-லிருந்து பெண்களுக்கு அந்தப் பஸ்களில் கட்டணம் இல்லை. அவர்தான் பர்ஸைத் திறந்தார். முகத்தில் லேசான பொறாமை! பஸ் ஸ்டாப்பில் இறங்கியதும் மருந்துக் கடை, இட்லிக் கடை, விளக்கு வெளிச்சம். நான்கு நிமிஷ நடை. மணி எட்டு முப்பத்தைந்து.

ஆனால் வீடு சின்னது. ஒரே படுக்கை அறை, பால்கனி இல்லை, விலையும் இரண்டு லட்சம் அதிகம். அன்று ராத்திரி வீட்டில் பெரிய மாநாடு. "ரயில் இருக்கிறதே, பஸ் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும்" என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பெரிய பஸ் நுழைய முடியாத தெருக்களுக்காக 2013-ல் சின்ன பஸ்களை விட்டார்கள். 2025 செப்டம்பரில் ரயில், மெட்ரோ, பஸ் மூன்றுக்கும் செல்போனிலேயே டிக்கெட் எடுக்க 'சென்னை ஒன்' என்ற வசதியும் வந்தது. டிக்கெட்டுகள் ஒரே போனுக்குள் வந்துவிட்டன. ரயிலின் கடிகாரமும் பஸ்ஸின் கடிகாரமும் இன்னும் ஒன்றாகவில்லையே! அவை ஒன்றாகும்வரை தினம் ராத்திரி அந்தக் காலி மனையைத் தாண்டி நடக்க வேண்டியவள் யார்?

மருமகள் அதுவரை பேசவில்லை. மெதுவாக, "ஊரப்பாக்கத்து வீடு என்றால் நான் வேலையை விட்டுவிட வேண்டியதுதான், அத்தை" என்றாள். அவ்வளவுதான். அந்தப் பால்கனிக்கு விலை அவளுடைய வேலை என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவரும் அதற்குப் பிறகு பால்கனி என்ற பேச்சையே எடுக்கவில்லை.

ராஜகீழ்ப்பாக்கத்துக்கே முன்பணம் கொடுத்தோம். வீடு பார்க்கக் கிளம்பும் சகோதரிகளுக்கு நான் சொல்வது இதுதான்: வீட்டைப் பகலில் பாருங்கள், வழியை ராத்திரியில் பாருங்கள். ஸ்டேஷன் எத்தனை தூரம் என்று கேட்காதீர்கள்; கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்.

நேற்றுத் தரகர் மறுபடியும் போன் செய்தார். "சார், இன்னொரு இடம் வந்திருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிஷம்!"

"வாங்கிக்கொள்கிறேன், ஐயா" என்றார் அவர் நிதானமாக. "வீட்டோடு உங்கள் மோட்டார் சைக்கிளையும் சேர்த்துக் கொடுப்பீர்களா?"