புதுக் கத்தியும் பீங்கான் கோப்பையும்

விருத்தாசலத்தில் ஃப்யூஸ் கேரியரிலிருந்து பொம்மை வரை எல்லாம் பீங்கானில் கிடைக்கும். ஆனால் புதுக் குடித்தனத்துக்குச் சமையல் கத்தி வாங்குபவர்கள், மற்ற ஊர்க்காரர்களைப் போலவே, பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள்!

பளபளப்பு கூரைக் காட்டாது. துருப்பிடிக்காத எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும். அது துருவைத் தடுக்கும், அவ்வளவுதான். கூர் நிலைப்பது கார்பன் அளவையும், எஃகைச் சூடாக்கிக் குளிர்வித்துப் பதப்படுத்திய விதத்தையும் பொறுத்தது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது.

அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் பார்க்க வேண்டியவை: தகடு கைப்பிடியின் கடைசி வரை போகிறதா, பிடி ஆடுகிறதா, கத்தி கோணலா. வீட்டில் ஒரு பழுத்த தக்காளி. அழுத்தாமல் இழுத்தாலே தோல் பிரிய வேண்டும்.

முதல் நாள் அநேகமாக எல்லாக் கத்தியும் பாஸ்தான். நிஜப் பரீட்சை ஒரு மாதம் கழித்து. பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால், அடியில் பூச்சு இல்லாத சொரசொரப்பான வளையம் இருக்கும். கத்தியைச் சாய்த்துப் பிடித்து, பக்கத்துக்கு நாலைந்து தடவை அதில் இழுத்தால் போதும். பீங்கான் கத்தி எஃகைவிடக் கடினமானது, கூர் திரும்பும். திரும்பிய கூர் சில வாரம் நின்றால் நல்ல கத்தி. இரண்டே நாளில் மழுங்கினால் மட்டமான எஃகு.

மழுங்கிய கத்திதான் ஆபத்து. அழுத்தி வெட்டும்போது வழுக்கி விரலில் இறங்கும். 100 ரூபாய்க் கத்தி ஒரு வருஷம், 500 ரூபாய்க் கத்தி 10 வருஷம் என்று வைத்துக்கொண்டால், எது மலிவு? இதில் விரலில் போடும் தையலுக்கான செலவைச் சேர்க்கவே இல்லை.