இரண்டாம் பாய்

கட்டுமரம் என்னும் நம் சொல் ஆங்கிலேயர் நாவிற் புகுந்து 'கற்றமரான்' ஆன கதையை வாசகர் பலரும் அறிவர். மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றாற் கட்டிய கலத்துக்குரிய அப்பெயர், நாளடைவில் இரண்டு ஓடங்களை இணைத்த கலத்தைக் குறிக்கலாயிற்று. பின்னர், 1940களில், உக்ரேனிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய விக்டர் செச்செற் என்பவர் மூன்று உடல் கொண்ட கலத்துக்கு 'ட்ரைமரன்' என்று பெயரிட்டார் என்பர். கட்டு கழன்று போயிற்று. மரம் மாத்திரம் எஞ்சி, அதன் தலையிலே மூன்று வந்து ஏறிக்கொண்டது. எமது கல்லூரித் தமிழாசிரியரிடம் இதனைச் சொன்னபோது, "கட்டு அவிழ்ந்தாலும் மரம் மிதக்கிறதே, அது போதும்" என்றார்.

அத்தகைய மூவுடற் கலம் ஒன்றிலே நாம் ஏறநேர்ந்தது 2023 டிசம்பர் விடுமுறையில். அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரில் வாழும் எம் தங்கையின் வீட்டிற் சில வாரம் தங்கியிருந்தோம். தங்கையின் கணவர் பொறியியலாளர். ஓய்வு நாளிற் கடலுக்குப் போகாவிட்டால் அவருக்கு உண்ட சோறு செரிக்காது. அவரிடம் இருந்தது கயாக் வகையைச் சேர்ந்த சிறு பாயோடம். நடுவே ஒடுங்கிய பிளாஸ்டிக் உடல். இருபுறமும் குறுக்குத் தண்டுகளிற் பொருத்திய இரண்டு மிதவைகள். நீளம் ஏறக்குறைய ஐந்தரை மீற்றர். மிதவைகளை விரித்தால் அகலம் மூன்று மீற்றர். முன்னும் பின்னுமாக இருவர் அமரலாம். கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்து புகழ்பெற்று 2014இல் மறைந்த ஹோபி ஆல்ட்டர் என்பவரின் பெயர் தாங்கிய நிறுவனம் செய்தது. பாய் ஓய்ந்தால் காலால் மிதிக்கலாம். அடியிலே இரண்டு துடுப்புகள் பென்குவின் பறவையின் சிறகுபோல அசைந்து ஓடத்தைத் தள்ளும்.

இந்த ஓடத்துக்குத்தான் அவர் ஒரு ஸ்பினேக்கர் பாய் பூட்ட விரும்பினார். காற்றுப் பின்னாலிருந்து வீசும்போது அணியத்துக்கு முன்னே பலூன்போலப் புடைத்து நிற்கும் மெல்லிய நைலோன் பாய் அது. புடைபாய் என்று நாம் பெயர் வைத்துக்கொண்டோம். வேறொரு சிறு படகிலிருந்து கழித்த பாயொன்றை மலிவாக வாங்கியும் விட்டார். பரப்பு ஏறக்குறைய ஆறு சதுர மீற்றர். மடித்தால் ஒரு தலையணை உறைக்குள் அடங்கும். சிவப்பும் மஞ்சளுமான அதனைத் தங்கையிடம் விரித்துக் காட்டியபோது வழக்குத் தொடங்கிற்று.

"அண்ணா, இவருக்குப் புத்தி சொல்லுங்கோ. இருக்கிற பாய் காணாதாமோ?" என்றாள் தங்கை. அவளுக்கு நீச்சல் தெரியாது. மகனுக்கு அப்போது பதினேழு வயது. தந்தை எதைச் செய்தாலும் மறுவாரம் அதனைத் தன் நண்பனோடு செய்து பார்க்கும் வயது. அவள் அஞ்சியது கணவருக்காக அன்று.

"அத்தான், நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறவர். நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ" என்றார் மைத்துனர். விருந்துக்கு வந்த இடத்தில் நடுவர் பதவி கிடைத்தது.

மறுநாள் வண்டிக்கொட்டகையில் ஓடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். இவ்வோடத்தின் பாய்மரத்துக்குத் தாங்குகயிறு எதுவும் கிடையாது. ஓடத்தின் வயிற்றிலுள்ள குழியில் நாட்டிய தடிபோல் அது தனித்தே நிற்கிறது. அதற்குக் காரணம் உண்டு. பாய்மரமே சுழன்று பாயைத் தன்மேற் சுருட்டிக்கொள்ளும். காற்று மிஞ்சினால் ஒரு கயிற்றை இழுத்தாற் போதும். பாய் பாதியாகும், பின்னர் காலாகும், பின்னர் மறையும். இவ்வோடத்தை நம்பிப் பிள்ளைகளை அனுப்புவதற்கு அந்தச் சுருட்டுக் கயிறே முதற் காரணம் என்பது எம் கருத்து.

புடைபாய் வந்தால் இந்த வசதிக்கு என்ன நேரும்? அதன் ஆஞ்சான், அதாவது பாயை ஏற்றும் கயிறு, பாய்மரத்தின் உச்சியில் மாட்டப்படும். பாய் புடைக்கும்போது உச்சி முன்புறமாக இழுபடும். அந்த இழுப்பை எதிர்த்துப் பின்புறமாகப் பிடித்துநிற்பது பெரும்பாயும் அதன் கயிறுமே. காற்று மிஞ்சிவிட்டதென்று பழைய வழக்கத்தின்படி பெரும்பாயைச் சுருட்டினால், பாய்மரம் தன் பின்பிடியை இழக்கும். வளையும், ஒடிந்தும் போகலாம். ஆகவே ஆறு சதுர மீற்றர் துணியைச் சேர்க்கும்போது, ஆபத்திலே கை தானாகச் செல்லும் கயிற்றை இழந்துவிடுகிறோம். மைத்துனர் இதனைக் கேட்டு ஒரு நாழிகை பேசவில்லை. பொறியியலாளரை வாயடைக்கச் செய்வது எளிதன்று; அன்று சிறிது பெருமைதான்.

வேலை பத்து நாள் நடந்தது. அணியத்துக்கு முன்னே ஒரு மீற்றர் நீட்டிய அலுமினியக் குழாய். அது மேல்நோக்கி வளையாதபடி நீர்மட்டத்துக்கு இழுத்துக் கட்டிய கயிறு. பாய்மரத்தின் உச்சியில், மரம் சுழன்றாலும் கயிறு முறுகாத ஒரு வளையம். உச்சியிலிருந்து பின்புறக் குறுக்குத் தண்டின் இரு முனைகளுக்கும் மெல்லிய, நீளாத கயிறுகள் இரண்டு. இவ்வளவும் ஒரு தலையணை உறைத் துணிக்காக! குறுக்குத் தண்டுக்கு முட்டுக்கொடுக்கும் இடத்திலே, மோதல் நேர்ந்தால் முறிவதற்கென்றே ஒரு சிறு பிளாஸ்டிக் ஊசி வைத்திருக்கிறார்கள். ஊசி முறியும், உடல் பிழைக்கும். முதலில் எது உடையவேண்டும் என்பதை ஓடம் செய்தவன் தீர்மானித்து வைத்திருக்கிறான். புதிதாய்ப் பூட்டியவற்றில் எது முதலில் உடையும் என்பதோ எங்கள் மூவரில் எவருக்கும் தெரியாது. மருமகன் கயிற்று முனைகளில் அழகாக முடிச்சுப் போட்டிருந்தான். புடைபாயை இழுத்துப் பிடிக்கும் இரு கயிறுகளின் முடிச்சை மாத்திரம் தந்தை அவிழ்த்துவிட்டார். கைவிட்டால் கயிறு தடையின்றி உருவிக்கொண்டு ஓடவேண்டும்; முடிச்சு இருந்தால் அது கப்பியிற் சிக்கும், பாய் காற்றை விடாது.

எம் தீர்ப்பு இது: முதல் ஓட்டத்தில் நாமும் ஏறுவோம், மணிக்கு 10 கடல்மைலுக்கு மேற்பட்ட காற்றில் பாய் ஏறாது, பையன் தனியே தொடான். தங்கை நாலாவதாக ஒன்றைச் சேர்த்தாள். கரையோர வீதியிற் காரில் வந்து, பாய் இறங்கும் நேரத்தை அவளே கடிகாரம் பிடித்துப் பார்ப்பாளாம்.

போர்ட் பிலிப் குடா ஏறக்குறைய 1,930 சதுர கிலோமீற்றர் பரந்தது, ஆனால் ஆழமில்லாதது. மிகுந்த ஆழமே 24 மீற்றர்தான். ஆதலின் காற்று எழுந்தால் அலை குட்டையாய், செங்குத்தாய், ஒன்றன்பின் ஒன்றாய் நெருங்கி வரும். கோடையில் வடக்கிலிருந்து வெப்பக்காற்று வீசிக்கொண்டிருக்க, திடீரெனத் தென்மேற்குக் குளிர்காற்றுத் திரும்புவதும் உண்டு. அன்று பின்னேரம் அத்தகைய மாற்றம் வரும் என்று வானிலை அறிவித்திருந்தார்கள். நண்பகலுக்குள் கரை சேர்வதென்று முடிவுசெய்து, காலை எட்டு மணிக்கு மோடியலொக்கிலிருந்து தெற்கே கரம் நோக்கிப் புறப்பட்டோம். மருமகன் பின்னே சுக்கானில். மைத்துனர் முன்னே பாய்ப்பையுடன். நாம் காற்றுப்பக்கத்து வலையில், 78 கிலோகிராம் எடைகட்டியாக. நீர்கொழும்பு மீனவர் தம் ஒற்றை மிதவை ஓடத்திற் காற்று மிஞ்சும்போது மிதவைத் தண்டின்மேல் ஆளை ஏற்றுவார்கள் அல்லவா? அதே பதவி.

பாய் ஏறிற்று. ஒரு கணம் துவண்டது; பின்பு 'படீர்' என்ற ஓசையுடன் புடைத்தது. ஓடம் முதுகில் யாரோ தள்ளியதுபோல முன்னே பாய்ந்தது. மிதவையின் அடியில் நீர் சீறும் ஒலியும், பையனின் சிரிப்பும் இன்றும் எம் செவியில் உள்ளன. அச்சம் தரும் எதுவும் அப்போது தோன்றவில்லை. பின்காற்றின் வஞ்சகம் அதுவே. காற்று 15 கடல்மைலில் வீச, ஓடம் அதே திசையில் 6 கடல்மைலில் ஓடினால், ஓடத்தில் இருப்பவன் உணர்வது 9 மாத்திரமே. அவ்வோடம் பக்கவாட்டிலே திரும்பினால், அதே காற்று 16க்கு மேலாக முகத்தில் அறையும். காற்றின் தள்ளுவிசை அதன் விரைவின் வர்க்கத்துக்கு ஏற்ப வளருமாதலால், ஒரு திருப்பத்தில் விசை மும்மடங்குக்கு மேலாகிறது. மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

அரைமணி சென்றபின் வடக்கேயிருந்து ஒரு வன்காற்று வந்தது. பின்னே நீர் கறுத்து வருவதை நாம் கண்டோம். ஒற்றைப் பாயுடன் ஓடும்போது வன்காற்று வந்தால் காற்றை நோக்கித் திரும்புவது மருமகனின் பழக்கம். பாய் தளர்ந்து ஓடம் நிற்கும். அவன் கை அந்தப் பழக்கத்திலேயே சென்றது. ஓடம் திரும்பத் தொடங்கியதும் எதிர்ப்பக்க மிதவை முழுதும் நீருள் மறைந்தது, அணியம் தாழ்ந்தது, எம் வலை வானை நோக்கி எழுந்தது.

"மற்றப்பக்கம்! காற்றோடை போ!" என்று மைத்துனர் கத்தினார். பையன் ஒரு விநாடி தாமதித்தான். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடுவது அவனுக்கு ஆபத்தினுள் ஓடுவதுபோலத் தோன்றியிருக்கும். பின்னர் சுக்கானை மாற்றினான். மிதவை நுரையோடு மேலே வந்தது. பெரும்பாயின் நிழலில் புடைபாய் துவண்டது. மைத்துனர் ஆஞ்சானை விட்டுக்கொண்டே துணியை அள்ளி அள்ளி மடியிலும் காலடியிலும் திணித்தார். ஒரு மூலை நீரில் வீழ்ந்து வலைபோல் இழுபட்டது. அதனை நாம் எட்டிப் பிடித்தோம். பெரும்பாய் அவிழாமல் நின்றது. பின்கயிறுகள் இரண்டும் வீணைத் தந்திபோல் இறுகிக் கிடந்தன.

கரத்தில் இறங்கியபோது தங்கை கடிகாரத்தைக் காட்டினாள். பாய் இறங்க 70 விநாடி. அவள் கணவரைத் திட்டவில்லை. பையனிடம், "ஏன் முதலிலை அங்காலை திருப்பினனீ?" என்று மாத்திரம் கேட்டாள். "கை பழகிப்போச்சு, அம்மா" என்றான் அவன்.

நாம் விமானம் ஏறுமுன் இன்னும் மூன்று காலைகளில், மெல்லிய காற்றில், கரையருகே பாயை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். ஏற்றும் நேரத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய தாளில் தங்கை 70, 52, 41, 24 என்று வரிசையாக எழுதியிருந்தாள். அதன் கீழே, '30க்கு மேல் போனால் பாய்ப்பை என்னிடம்' என்று எழுதி, மகனிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள்.