காமிராவுக்கு ஒரு நினைவட்டை

தபால்தலை அளவேயுள்ள ஒரு மெமரி கார்டுக்காக மலர்க்குழுவினராகிய நாங்கள் இரண்டு நாள் வாதாடினோம் என்றால் நகைப்பீர்கள். தலைமைச் சகோதரியின் துறவற வார்த்தைப்பாட்டுப் பொன்விழாவை மறுமுறை படமெடுக்க இயலுமா?

நம் பள்ளிக் காமிரா பழையது, எஸ்.டி.எச்.சி. வகை வரையே ஏற்கும். ஆகவே 32 ஜி.பி.க்கு மேல் வாங்குவது வீண். அடுத்தது வேகம். கார்டின் முகப்பில் பெரிதாய் மின்னும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகமே. நமக்கு வேண்டிய எழுதும் வேகம் ஒரு சிறு குறியாக ஒதுங்கியிருக்கும். 'சி' என்ற ஆங்கில எழுத்துக்குள் 10 என்றிருந்தால் விநாடிக்குக் குறைந்தது 10 எம்.பி. எழுதும், 'யு'வுக்குள் 3 என்றால் 30 எம்.பி. நம் காமிராவுக்கு முன்னதே தாராளம்.

தோழி ஒருத்தி சந்தையில் மலிவாக 128 ஜி.பி. கார்டு ஒன்றை வாங்கி வந்தாள். கணினி அறையில் அதை முழுதும் நிரப்பிச் சோதித்தோம். உள்ளே இருந்தது 8 ஜி.பி. மட்டுமே! இத்தகைய போலிகள் நிறைந்த பின்னும் மறுப்பின்றி வாங்கிக்கொண்டே இருக்கும், படங்கள்தாம் மாயமாகும். (பாவம், அவளை யாரும் கடியவில்லை.)

முடிவில் நம்பகமான கடையில் 16 ஜி.பி. கார்டுகள் இரண்டு கேட்டோம். "ஒன்று போதாதா?" என்றார்கள் கணக்குப் பார்க்கும் சகோதரி. "அந்த ஒன்று கெட்டால் திருப்பலிப் படங்களும் போகுமே, சிஸ்டர்" என்றோம். பணப்பெட்டி திறந்தது. திருப்பலி முடிந்ததும் முதல் கார்டின் பக்கவாட்டுப் பூட்டைக் கீழே தள்ளி, சகோதரியிடமே ஒப்படைத்தோம். கலைநிகழ்ச்சிக்கு மற்றது. அடுத்த பக்கங்களிலுள்ள படங்கள் அவற்றிலிருந்து வந்தவையே.