அத்தையின் சடைக்கு மருதாணி

என் கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அம்மாவைத் தனியாக அழைத்து ரகசியமாக ஒன்று சொன்னேன். "அத்தையை மண்டபத்துல முக்காடு போட்டுக்கச் சொல்லேன். பொண்ணு வீட்டுக்காரங்க சென்னை. போட்டோ, வீடியோ எல்லாம் எடுப்பாங்க..."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆனாலும் செய்தி எப்படியோ அன்று சாயங்காலமே கச்சிராயபாளையம் போய்ச் சேர்ந்துவிட்டது. (தபால் இலாகா எங்கள் வீட்டுப் பெண்களிடம் டியூஷன் படிக்கலாம்.) மறுநாள் காலை அத்தையிடமிருந்து போன்.

"ஞாயித்துக்கெழமை வாடா. வரும்போது மருதாணிப் பொடி வாங்கியா. நெறைய வாங்கு."

அத்தைக்குச் சடை. பின்னல் இல்லை, நிஜச் சடை. கயிறு மாதிரி ஐந்து விழுது, இடுப்புவரை தொங்கும். மாமா போன வருஷம் அத்தை ஆறு மாதம் படுத்த படுக்கை. எண்ணெய் இல்லை, சீப்பு இல்லை. எழுந்து உட்கார்ந்தபோது தலை இப்படி ஆகியிருந்தது. 'அம்மன் எறங்கியிருக்கா, கத்தி படக்கூடாது' என்று ஊர் சொல்லிவிட்டது. அத்தை குறி சொல்வதில்லை, சாமி ஆடுவதில்லை. மரவள்ளிக்குக் களை எடுப்பாள், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவாள், எனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினாள். அவ்வளவுதான்.

நான் முற்போக்கு ஆசாமி. ஒரு தடவை பேப்பர் கட்டிங் ஒன்றை எடுத்துப்போய் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். மகாராஷ்டிராவில் நரேந்திர தபோல்கர் 1989-ல் ஆரம்பித்த மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கத்தினர், கழுத்துவலியோடு சடையைச் சுமக்கும் பெண்களிடம் போய்ப் பேசி, அவர்கள் பயத்தைத் தெளிய வைத்து, சடையை வெட்டிவிடுகிறார்கள். தபோல்கரை 2013-ல் புனேயில் சுட்டுக் கொன்றார்கள். அதன்பிறகும் அந்த வேலை நிற்கவில்லை.

அத்தை முழுசாகக் கேட்டாள். "நல்ல காரியம். அந்தப் பொம்பளைங்க சரின்னு சொன்னப்புறம்தான வெட்டுனாங்க?"

"ஆமா."

"நான் சொன்னனா?"

கட்டிங்கை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆபீஸ் ஜூனியர் ஒருவன், பாப் மார்லி படம் போட்ட டீ-ஷர்ட்டில் ஞாயிறுகளைக் கழிப்பவன். மார்லி 1981-லேயே காலமாகிவிட்டார் என்பது அவனை எந்த விதத்திலும் பாதிக்கவில்லை. அத்தை போட்டோவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டான். "சார், இது டிரெட்லாக்ஸ்! மெட்ராஸ்ல பார்லர்ல நாள் பூரா உட்கார்ந்து காசு குடுத்துப் பண்ணிக்கிறாங்க சார்!" 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டமானபோது கலெக்டர் ஆபீஸ் வந்தது, கூடவே இப்படிப்பட்ட ரசிகர்களும் வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். மருதாணி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. இருபத்தெட்டு வயதில் நரை. 'கறுப்பு மருதாணி' என்று ஒரு பாக்கெட் வாங்கிப் பூசி, நெற்றி வீங்கி, மூன்று நாள் லீவு போட்டவன் நான். மருதாணியில் கறுப்பு கிடையாது. அந்த மாதிரிப் பாக்கெட்டுகளில் கறுப்பைக் கொடுப்பது பெரும்பாலும் பிபிடி என்கிற ரசாயனம், சில பேர் தோலுக்கு அது எமன். அசல் மருதாணி இலையில் இருப்பது லாசோன் என்ற செஞ்சாயம். அது முடியில் இருக்கும் கெரட்டினைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெள்ளை முடி சிவக்கும், கறுப்பு முடி கறுப்பாகவே இருந்துகொண்டு வெயிலில் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

"கறுப்பாவே ஆக்க முடியாதாடா?"

"முடியும் அத்தை. இதைக் கழுவிட்டு மேல அவுரி பூசணும். திண்டிவனம் பக்கம் வெளையுதே, அது. ரெண்டு தடவை நனைக்கணும், ரெண்டு தடவை காய வைக்கணும்."

"செவப்பே போதும்."

சாதாரணத் தலைக்கு மருதாணியைக் களி மாதிரி அப்பலாம். சடைக்கு அப்படிச் செய்தால் தொலைந்தோம்! பொடி உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டு மாதக்கணக்கில் உதிரும். முதல் விழுதில் அந்தத் தப்பைச் செய்துவிட்டு, அதைக் கழுவவே எட்டுக் குடம் தண்ணீர் செலவழித்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்து ஊறவைத்திருந்த விழுதில் தேயிலை டிகாக்‌ஷனை விட்டுத் தண்ணியாகக் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டி, ஒவ்வொரு சடையாக முக்கிப் பிழிந்தேன். என் கை இரண்டும் கல்யாணப் பெண் கை மாதிரி ஆகிவிட்டது.

மூன்றாவது சடையில் இருந்தபோது அத்தை கேட்டாள். "முக்காடு போடச் சொன்னியாமே?"

நான் சடையை இன்னும் அழுத்திப் பிழிந்தேன்.

"கண்ணுல வழியுதுடா. மெதுவா."

துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தையே பேசினாள். "ஒங்க மாமா கடைசியா தலைக்கு எண்ணெ வச்சி சீவி விட்டாரு. ஆஸ்பத்திரியில. அதுக்கப்புறம் யாரையும் தொட விடல. அம்மன்னு ஊரு சொல்லுச்சி. நானும் சரின்னுட்டேன். வெட்டுன்னு சொல்ல ஒருத்தரும் வரமாட்டாங்கல்ல."

இத்தனை வருஷத்தில் இதை அத்தை யாரிடமும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கதிர்காமத்தில் சடை வளர்த்த பெண்களிடம் பேசி, இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1981-ல் ஒரு புத்தகமே எழுதினார். சடைக்குப் பின்னால் சொந்த வாழ்க்கையின் வலி இருக்கிறது என்பது அவர் கண்டது. அதையெல்லாம் தேடிப் படித்த எனக்கு, பக்கத்து ஊர் அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

நாலு மணி நேரம் ஊறவைத்துக் கழுவினோம். மறுநாள் பூராவும் கயிற்றுக் கட்டிலில் சடையை விரித்துப் போட்டு வெயிலில் காய்ந்தாள் அத்தை. உள்ளே ஈரம் நின்றால் நாறிவிடும். முதல் நாள் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. கேரட் நிறம்! அய்யனார் கோவில் குதிரை மாதிரி. காற்றுப் படப்பட நிறம் அடங்கி, இரண்டாம் நாள் செங்கல் நிறத்துக்கு வந்தது.

கல்யாணத்தன்று அத்தை முக்காடு போடவில்லை. ஐந்து சடையையும் சேர்த்துக் கொண்டையாகக் கட்டி, மேலே கனகாம்பரம் சுற்றியிருந்தாள். எது பூ, எது முடி என்று தெரியவில்லை. பெண் வீட்டுச் சிறுவன் ஒருவன் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடினான். ஆபீஸ் ஜூனியர் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அத்தையோடு நின்று ஆறு போட்டோ எடுத்துக்கொண்டான்.

மூன்று மாதம் ஆகிறது. நேற்று போன் வந்தது. "வேர்ல வெள்ளை எட்டிப் பாக்குதுடா. எப்ப வர? அவளையும் கூட்டியா, ஒனக்குப் பிழியத் தெரியல."